பொய்க்குப் பச்சை நிறம் வந்த கதை

மரம் செடி கொடிகளுக்குப் பேச்சு இருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது ஓணானும் பேசும், கொக்கும் பேசும், மனிதர்களும் பேசுவார்கள். ஆனால் எல்லாருடைய பேச்சையும் ஊர் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. நடமாடும் உயிர்கள் தேவைப்பட்டால் பொய் சொல்லும். சொல்லிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். வேர் விட்டு நிற்பவற்றுக்கு அந்த வசதி இல்லை. இன்று எவரிடம் பேசினவோ அவர் நாளையும் அதே வழியாகத்தான் வருவார். அதனால் செடிகள் பொய் சொல்லப் பழகவேயில்லை. கேட்டால் பதில் சொல்லும். சொன்னால் அது நடந்ததாகத்தான் இருக்கும்.

வழக்கு என்று வந்தால் மனிதர்கள் செடிகளிடம் போனார்கள். யாருடைய ஆடு கொல்லையில் மேய்ந்தது என்று வேலியோரத்து நொச்சியைக் கேட்டார்கள். குடத்தைக் கிணற்றில் தள்ளியது யார் என்று பக்கத்தில் நிற்கும் பூவரசைக் கேட்டார்கள். செடி சொன்ன பிறகு அந்த வழக்கை யாரும் மறுபடி எடுப்பதில்லை. ஒரு செடி சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டால், அதுவரை அந்தச் செடி சொன்ன எதுவுமே செல்லாது என்றும் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

பச்சை என்ற சொல்லும் அப்போது செடிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பச்சை இலை என்பார்கள், பச்சைக் காய் என்பார்கள், பச்சைப் பயிர் என்பார்கள். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

ஆற்றுக்கு வடகரையில் இருந்த ஓர் ஊரில் பொறையன், அத்தியன் என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அவர்களுடைய நிலங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் பின்னால் சாத்தன் என்பவருடைய நிலம். மூன்று நிலங்களும் சந்திக்கும் மூலையில் ஒரு செடி நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளங்கையைவிட அகலமான இலைகளோடு அடர்ந்திருக்கும். ஊரில் அதை எல்லைச்செடி என்று கூப்பிட்டார்கள். ஊரில் பாதி வழக்குகள் அதன் முன்னால்தான் தீர்ந்தன.

ஒரு வருஷம் ஆற்றோரத்து வண்டல் நிலம் ஒன்றுக்காகப் பொறையனும் சாத்தனும் மோதிக்கொண்டார்கள். சாத்தன் பல காலமாக அதில் எள் விதைத்து வந்தார். எல்லைச்செடியைக் கேட்டபோது, "அது பொறையனோட தாத்தா உழுத மண்ணு. நான் முளைச்ச நாள்லேருந்து பார்த்திருக்கேன்" என்றது. சாத்தன் நிலத்தை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு அந்த மூலைப் பக்கம் அவர் வருவதில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அத்தியன் இறந்துபோனான். வெள்ளத்தில் அடித்துப்போன மாட்டைப் பிடிக்க இறங்கியவன் திரும்பவில்லை. அவன் மனைவி காராயி அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிறக்கிற குழந்தை ஆணோ பெண்ணோ, அப்பன் நிலம் அதற்குத்தான். குழந்தை இல்லையென்றால் நிலம் அண்ணனுக்குப் போகும். ஊர் முறை அதுதான்.

பொறையன் அதுவரை கெட்டவனாகப் பெயர் எடுத்ததில்லை. தம்பி செத்தபோது உண்மையாகவே அழுதான். தம்பி நிலம் தரிசாகக் கிடக்கக் கூடாது என்று தானே ஏர் பூட்டி உழுதான். நாற்று விட்டான், களை எடுத்தான். பயிர் இடுப்பளவு வளர்ந்தபோது அது தன் பயிராகிவிட்டது. அதன் பிறகு காராயியின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு விடியலில் காராயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பொறையனின் சின்னம்மா. அவள் போய்ச் சொன்னதும் பொறையன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"காராயி, நீ சின்னப் பொண்ணு. உங்க அம்மா வீட்டுக்குப் போ, இன்னொரு வாழ்க்கை அமையும். குழந்தையை எங்கிட்ட குடுத்துடு. செத்துப் பொறந்துச்சுன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம்."

"என்ன சொல்றீங்க மாமா? இது உங்க தம்பி ரத்தம்."

"சின்னம்மா வாயைத் திறக்க மாட்டாங்க. நான் ஊருக்குள்ள போய்ட்டு வரேன். வரும்போது குடுத்தாப் போதும்."

அவன் போனதும் காராயி எழுந்தாள். இடுப்பில் பழஞ்சேலையை இறுக்கிக் கட்டினாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கொல்லைப்புறமாக வெளியேறி வரப்பு வரப்பாக நடந்தாள். ஆற்றைத் தாண்டினால் தென்கரையில் அவளுடைய அம்மா வீடு. துறையில் பரிசல் இருக்கும். ஆனால் துறை தூரத்தில் இருந்தது. மூன்று நிலம் சந்திக்கும் மூலைக்கு வருவதற்குள் அவள் கால்கள் துவண்டுவிட்டன. நடந்த வழியெல்லாம் ரத்தம் சொட்டியிருந்தது. எல்லைச்செடியின் அடியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"தாயே, இதுக்கு மேல என்னால முடியல. உன் நிழல்ல கொஞ்சம் படுத்துக்கறேன்."

"படுத்துக்கோ" என்றது செடி. "ஆனா யாராவது வந்து கேட்டா நான் சொல்லிடுவேன்."

"சொல்லாம இருக்க மாட்டியா?"

"கேட்டா வாயை மூடிக்கிட்டு நிக்க எங்களுக்குத் தெரியாது."

"அப்போ நான் இங்க இல்லைன்னு சொல்லு."

"இருக்கிறவளை எப்படி இல்லைன்னு சொல்றது?"

காராயி துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். அது கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தது.

"இவளைப் பொறக்கவே இல்லைன்னு சொல்லப் போறார் இவ பெரியப்பா. நான் கேக்கற பொய் அதைவிடப் பெரிசா?"

செடி பதில் சொல்லவில்லை. கேட்டும் பதில் சொல்லாமல் அது நின்றது அதுதான் முதல் தடவை.

தூரத்தில் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. காராயி பிள்ளை செத்துப் பிறந்த துக்கத்தில் புத்தி தடுமாறி ஆற்றுப் பக்கம் போய்விட்டாள் என்று பொறையன் ஊரில் சொல்லியிருந்தான். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள்.

செடியின் கிளையில் ஓர் ஓணான் குடியிருந்தது. மண்ணில் இருந்தால் மண் நிறம், கிளையில் இருந்தால் கிளை நிறம் என்று வாழ்ந்த பிராணி அது. அது தலையைத் தூக்கி ஆட்டியது.

"அக்கா, உனக்கு இது பழக்கமில்லாத வேலை. பொய்யைச் சும்மா எடுத்து அப்படியே வைக்கக் கூடாது. கொஞ்சம் நெசம் கலக்கணும். பக்குவமா வேக வைக்கணும். அப்பத்தான் கேக்கறவங்களுக்குச் செரிக்கும்."

"வேக எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கே அரைநாள் ஆகும்."

"அவங்க வரப்பு திரும்பிட்டாங்களே" என்றது செடி.

பிறகு அது உடம்பை ஒரு முறை உலுக்கியது. காற்று இல்லை. ஆனால் உச்சிக் கிளையிலிருந்து அடிக் கிளைவரை இருந்த இலைகள் மொத்தமும் பிய்த்துக்கொண்டு விழுந்தன. காராயியும் குழந்தையும் அவற்றுக்குள் மறைந்தார்கள். இலைக்குவியல் இடுப்பளவு எழும்பியது. அதற்கு மேலே செடி வெறும் குச்சிகளாக நின்றது. இலை பிய்ந்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் வெள்ளைப் பால் சொட்டியது.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பொறையன் முன்னால் நின்றான். நேற்றுவரை புதராக இருந்த செடியைப் பார்த்து எல்லாரும் ஒரு கணம் திகைத்தார்கள்.

"தாயே, என் தம்பி பொண்டாட்டி இந்தப் பக்கம் வந்தாளா?" என்று பொறையன் கேட்டான்.

"வரலை" என்றது செடி.

"ரத்தம் இதுவரைக்கும் சொட்டியிருக்கே?"

"எனக்குத் தெரியாது."

"இது என்ன இவ்வளவு இலை?"

செடி கொஞ்சம் யோசித்தது. யோசித்தும் அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"பழுத்த இலை" என்றது. "மஞ்சளாப் பழுத்துப் போச்சு. உதிர்ந்துடுச்சு."

கிளையிலிருந்த ஓணான் கண்ணை மூடிக்கொண்டது.

குவியலில் ஓர் இலைகூட மஞ்சளாக இல்லை. வெயில் பட்டு ஒவ்வொன்றும் பளபளவென்று பச்சையாக மின்னியது. வந்தவர்கள் இலையைப் பார்த்தார்கள், செடியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குனிந்து குவியலில் கை வைக்கப் போனான்.

"எடு பொறையா, எடுத்துப் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சாத்தன். ஊரே தேடப் போகிறதே என்று அவரும் கூட்டத்தோடு வந்திருந்தார். "எடுத்துக் காட்டு. உள்ள அந்தப் பொண்ணு இருந்தா எல்லைச்செடி பொய் சொல்லுதுன்னு ஆயிடும். அப்போ போன வருஷம் என் வண்டல் நிலத்தை உனக்குன்னு சொன்னதும் செல்லாது. எடு."

பொறையனின் கை நின்றது.

நின்றது அவனுடைய கை மட்டும் இல்லை. காராயிக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடி வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். ஒருவருக்குக் கிணற்றில் பங்கு கிடைத்தது இந்தச் செடியின் வார்த்தையால். இன்னொருவர் வீட்டுச் சுவர் நிற்பது இந்தச் செடியின் வார்த்தையால். அந்தக் கூட்டத்தில் எல்லைச்செடியால் ஒன்றும் பெறாதவர் சாத்தன் ஒருவர்தான்.

"நீ எடுக்கலைன்னா நான் எடுக்கறேன்" என்று சாத்தன் முன்னால் வந்தார்.

"தொடாதீங்க அண்ணே!" பொறையன் குவியலுக்கும் சாத்தனுக்கும் நடுவில் பாய்ந்து நின்றான். "செடி சொல்லியாச்சு. அதுக்கு மேல கை வைக்க நாம யாரு?"

"இலை என்ன நிறம்னு நீயே சொல்லேன்."

பொறையன் இலைகளைப் பார்க்கவில்லை. "மஞ்சள்" என்றான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் திரும்பினான். "நீ சொல்லு, என்ன நிறம்?"

"மஞ்சள்தான்."

"நீ?"

"மஞ்சள்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் தலை நிமிர்ந்து சொல்லவில்லை.

குவியலுக்குள் காராயி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொறையனின் குதிகால் அவளுடைய விரல்களுக்குப் பக்கத்தில் இருந்தது. தன்னைப் பிடிக்க வந்தவனே தனக்குக் காவல் நிற்கிறான் என்பது அவளுக்கு மெல்லத்தான் விளங்கியது. மேலேயிருந்து பால் இலைகளின் இடுக்கு வழியாக வடிந்துகொண்டிருந்தது. பட்ட இடம் நெருப்பாக எரிந்தது. அவள் குழந்தையின் முகத்துக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தாள். புறங்கையில் பால் சொட்டுச் சொட்டாக விழுந்து தோல் வெந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

அவள் அசையவில்லை. குழந்தைக்கு அது தெரியாதே. இலைத்தூசி மூக்கில் ஏறி அது தும்மியது. தும்மிவிட்டு ஒரு முறை வீறிட்டது.

வரப்பில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

பொறையனின் முகம் வெளுத்தது. "காத்து" என்றான்.

ஒரு புல்கூட அசையாத வெயில்.

"காத்துதான்" என்றார் கிணற்றில் பங்கு பெற்றவர்.

சாத்தன் அவர்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சொட்டும் கிளைகளைப் பார்த்தார்.

"பழுத்து விழுந்த இலைக்குக் காம்புல பால் வடியாது. இப்போ பிய்ச்சா மட்டும்தான் வடியும்" என்றார். "உங்க கண்ணுக்கு எல்லாம் மஞ்சள். என் கண்ணுக்குப் பச்சை. அந்தச் செடி சொன்னதும் பச்சை, நீங்க சொன்னதும் பச்சை. பச்சைப் பொய்!"

இரண்டு பேர் அவருடைய தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கூட்டம் கலைந்தது. ஒருவன் கையில் கொண்டுவந்திருந்த சோற்று மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். மறந்தானா, வேண்டுமென்றே வைத்தானா என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை.

ஆட்கள் போன பிறகு தனியாகத் திரும்பி வரலாம் என்றுதான் பொறையன் நினைத்திருந்தான். ஆனால் அவன் திரும்பினால் சாத்தனும் பின்னாலேயே வருவார். சாத்தன் தனியாக வந்துவிட்டாலும் ஆபத்து. ஆகவே அவரோடு கூடவே நடந்து அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். சாத்தன் உள்ளே போனால் இவன் வாசலில். சாத்தன் தொழுவத்துக்குப் போனால் இவன் தொழுவத்துப் படலோரம். பொழுது சாயும்வரை இருவரும் ஒருவரையொருவர் விட்டு அசையவில்லை.

அந்த நேரத்துக்குள் காராயி சோற்றை உண்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். புறங்கையில் சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்து, இலையில்லாத செடியின் தண்டைத் தொட்டு நின்றாள்.

"உனக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேன்?"

"ஒண்ணும் வேண்டாம். நான் சரியாச் சொன்னேனா?" என்று செடி கேட்டது.

"ரொம்ப மோசமாச் சொன்னே தாயே" என்றாள் காராயி. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு துறைக்கு நடந்தாள். பரிசல்காரன் ஒன்றும் கேட்காமல் அவளை ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் சாத்தன் போய் இலைகளைக் கிளறினார். ஆள் கிடந்த தடமும் ரத்தக் கறையும் கிழிந்த துணி ஒன்றும் கிடைத்தன. அவற்றை யாரிடமும் காட்டி அவர் வாதாடவில்லை. போகிற இடமெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார். சந்தையில் சொன்னார், களத்து மேட்டில் சொன்னார், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொன்னார். "பச்சைப் பொய்யப்பா அது, பச்சைப் பொய்." முதலில் ஊர் சிரித்தது. பிறகு மற்ற வழக்குகளில் தோற்றவர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு எதிராக நொச்சி சொன்னதும் அப்படித்தானோ, பூவரசு சொன்னதும் அப்படித்தானோ என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் எல்லா நிலத்தையும் மறுபடி அளந்து மூலைகளில் கல் நட்டார்கள். வண்டல் நிலம் சாத்தனுக்கே திரும்பியது.

செடிகளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. அவை தாமாகப் பேசும் வழக்கம் எப்போதுமே இருந்ததில்லை. கேட்பார் இல்லாமல் பேச்சு மெல்ல மெல்ல மறந்துபோனது. முதலில் மரங்களுக்கு மறந்தது, பிறகு கொடிகளுக்கு. புல் கொஞ்சநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்பார்கள்.

எல்லைச்செடிக்கு இலை மறுபடி வரவில்லை. தண்டும் குச்சியும் மட்டும் பச்சையாக நின்றன. ஒடித்தால் பால் வடிந்தது. கள்ளத்தனம் செய்தவள் என்று ஊர் அதற்குக் கள்ளி என்று பெயர் வைத்தது. அந்தச் செடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அப்போது பேச்சு இருந்ததா என்பது தெரியாது.

பல வருஷம் கழித்துக் காராயி தன் மகளோடு வடகரைக்கு வந்தாள். மகள் வளர்ந்து ஆளாகியிருந்தாள். அத்தியனின் நிலத்தைக் கேட்டு அம்மாவும் மகளும் ஊர் நடுவில் நின்றார்கள். பொறையனுக்குத் தலை நரைத்திருந்தது.

"என் தம்பி குழந்தை செத்துத்தான் பொறந்துச்சு. இவ யாரோ" என்றான் அவன். "உயிரோட பொறந்ததைப் பார்த்தவங்க யாரு இருக்காங்க?"

மருத்துவச்சி இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. செடிகளைக் கேட்கவும் வழியில்லை. காராயி தழும்பேறிய புறங்கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அன்று வரப்பில் நின்றவர்களில் சிலர்தான் அப்போது உயிரோடு இருந்தார்கள். கிணற்றில் பங்கு வாங்கிய கிழவர் கோலை ஊன்றி எழுந்தார்.

"இலை பச்சை" என்றார். "அன்னைக்கு மஞ்சள்னு சொன்னேன். பச்சைதான். உள்ள குழந்தை அழுததைக் கேட்டேன்."

"பச்சைதான்" என்றார் இன்னொருவர்.

"பச்சை" என்று மூன்றாமவரும் சொன்னார்.

சாத்தன் அங்கே ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தவர். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். நிலம் அவளுக்கு ஆனது. பொறையன் அந்த அறுவடையைத் தானே அறுத்து அவள் களத்தில் கொண்டுவந்து போட்டான் என்கிறார்கள்.

வேகாத பொய், பழுக்காத பொய், எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்கிற பொய் எதுவானாலும் அதைப் பச்சைப் பொய் என்று நாம் சொல்ல ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.